தணிகாசலம் கடையில் தானாக எழுந்த கம்ப்யூட்டர்

புதுச்சேரியில் தணிகாசலம் பெரியப்பாவின் கைபடாமல் இதுவரை ஒருவர்கூட ஒழுங்காகச் செத்ததில்லை. பிரெஞ்சுக்காரன் காலத்துக் கவர்னர்கள் அவசரப்பட்டு முன்னாலேயே செத்துவிட்டதால், கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸ் இல்லாமல் மேலே போய், யார் எவர் என்று அடையாளம் சொல்ல வழியில்லாமல் வாசலிலேயே நிற்பதாகக் கேள்வி. எமதர்மனே ஓர் உயிரை எடுப்பதற்கு முன் உழவர்கரைப் பக்கம் வண்டியைத் திருப்பி, "படம் ரெடியா?" என்று பெரியப்பாவிடம் கேட்டுவிட்டுத்தான் கயிற்றைக் கையில் எடுப்பான். பேனருக்கு அவ்வப்போது தடை வரும், போகும். சாவுக்குத் தடை போட எந்த அதிகாரியும் பிறக்காததால் பெரியப்பாவின் தொழில் நிற்கவில்லை.

இதில் முக்கால்வாசி பொய். மிச்சம் கால்வாசிக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அவர் எனக்குச் சொந்தப் பெரியப்பா இல்லை. என் மாமா நடத்தும் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடைக்கு அடுத்த ஷட்டர் அவருடையது. பள்ளிக்கூடமும் நானும் பதினொன்றாம் வகுப்போடு ஒருவரை ஒருவர் மன்னித்துப் பிரிந்துவிட்டதால், பகல் முழுக்க நான் மாமா கடையில்தான் இருப்பேன். பெரியப்பா முன்பு மில்லில் தறி ஓட்டியவர். மில் மூடியதும் மவுஸ் பிடிக்கப் பழகிக்கொண்டார். முகூர்த்த நாளில் கல்யாண ஃப்ளெக்ஸும் செய்வார், ஆனால் பிழைப்பு சாவில்தான். செத்தவரின் படம் என்று யாராவது எதையாவது கொண்டுவந்து கொடுப்பார்கள். ஏதோ ஒரு காதுகுத்தில் எடுத்த கூட்டப்படமாக இருக்கும். பக்கத்தில் நிற்பவரின் கை தோள்மேல் கிடக்கும். பெரியப்பா அந்தக் கையை நோகாமல் எடுப்பார். கன்னத்து நிழலைத் துடைப்பார். கடைசியாக இரண்டு கண்ணிலும் ஒரு பொட்டு வெள்ளை வைப்பார், உயிர் தெரிவதற்கு.

அந்தப் பொட்டுக்காகவே எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டாகிவிட்டது. வயதானவர்கள் தங்கள் படத்தைத் தாங்களே முன்கூட்டிக் கொண்டுவந்து கொடுத்துவிடுவார்கள். பிள்ளைகளை நம்பினால் அழுகிற அவசரத்தில் ஆதார் அட்டையைத் தூக்கிக் கொடுப்பார்கள் என்ற பயம். பெரியப்பா அந்தப் படங்களை முடித்து, 'காத்திருப்பு' என்று ஒரு ஃபோல்டரில் போட்டு வைப்பார். கம்ப்யூட்டரைப் போட்டதும் அந்த ஃபோல்டர் தானாகத் திறக்கும்படி மாமாவிடம் சொல்லிச் செய்து வைத்திருந்தார். சாவு வீட்டிலிருந்து வருகிறவர்களை நிற்க வைக்கக் கூடாதாம்.

பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்ததால் 'சொல்தா' என்று பேர் வாங்கிய நாராயணசாமி தாத்தா மெடல்களோடு அதில் இருந்தார். மார்க்கெட்டில் மூட்டை தூக்கும் அம்மாவாசை, கடன் வாங்கிய சட்டையில் இருந்தார். பெரியப்பாவின் அக்கா ஜெயமும் இருந்தாள். ஜெயம் அத்தை கல்யாணமே வேண்டாமென்று இருந்துவிட்டவள். லாஸ்பேட்டையில் ஒரு காலேஜ் கேன்டீனில் தோசை ஊற்றியவள். ஒருநாள் கடைக்கு வந்து, மயில் கழுத்து நிறப் புடவையில் எடுத்த படம் ஒன்றைத் தம்பியின் மடியில் போட்டாள்.

"இத வச்சிக்கடா. நான் போனப்புறம் ரேஷன் கார்டு மூஞ்சியப் போட்டு என் மானத்த வாங்காத."

"போக்கா. ஒனக்கு இன்னா இப்ப அவசரம்?"

"எனக்கு அவசரம் இல்லடா. ஒனக்குதான் வேல மெதுவா நடக்கும்."

முதல் தடவை அது நடந்தது ஒரு மத்தியானம். சாப்பிட்டுவிட்டு வந்து ஷட்டரைத் தூக்கிய பெரியப்பா உள்ளே போகவில்லை. வாசலில் நின்றபடி கத்தினார்.

"ஏ குழலி! இங்க வாடி!"

ஓடினேன். கடைக்குள் இருட்டு. கம்ப்யூட்டர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அதன் காற்றாடி யாரோ பல்லிடுக்கில் மூச்சு விடுகிற மாதிரி இரைந்தது. திரையில் காத்திருப்பு ஃபோல்டர் திறந்து கிடந்தது. வரிசை வரிசையாக முகங்கள், எல்லாம் சிரித்த முகங்கள். அத்தனை வெள்ளைப் பொட்டுகளும் எங்கள் இரண்டு பேரையே பார்த்தன.

"இத யாருடி போட்டது? நீதான?"

"நான் எப்பிடி பெரிப்பா போடுவேன்? பூட்டு ஒங்களுது, சாவி ஒங்க இடுப்புல."

அவர் என்னை நம்பாததில் தப்பில்லை. அவருடைய மவுஸுக்கு அடியில் டேப் ஒட்டியவள் நான். அவர் நாற்காலியைக் குள்ளமாக்கியவளும் நான். ஆனால் இதை நான் செய்யவில்லை. இப்படி ஒன்று எனக்குத் தோன்றவில்லையே என்று பொறாமைகூட வந்தது.

அன்று சாயங்காலம் அம்மாவாசை டீ குடித்துக்கொண்டே சாய்ந்து போனார். அவருடைய தம்பி அழுதுகொண்டு வந்து, "போட்டோ ஒங்ககிட்ட இருக்குதாமே" என்றபோது பெரியப்பாவின் கை மவுஸைப் பிடிக்கவில்லை. நான்தான் பிடித்துத் திறந்து கொடுத்தேன்.

பிறகு ஒரு தடவை மெஷின் தானாக எழுந்த மறுநாள், ஃபோல்டரிலிருந்த அஞ்சலாட்சி பாட்டி போய்ச் சேர்ந்தாள். அதற்கு நடுவில் எத்தனையோ தடவை அது எழுந்தது, யாரும் சாகவில்லை. பேய்க்கணக்கில் அதெல்லாம் சேராது போலிருக்கிறது.

அதன்பிறகு பெரியப்பாவுக்கு ஒரு வேலை கூடிவிட்டது. மெஷின் எழுந்திருந்தால் ஷட்டரை இறக்கிவிட்டு, ஸ்கூட்டரில் ஃபோல்டர்காரர்கள் வீடு வீடாகப் போவார். ஒருநாள் என்னையும் பின்னால் ஏற்றிக்கொண்டார், துணைக்கு. சொல்தா தாத்தா வீட்டு வாசலில் நின்று மெதுவாக அழைத்தார்.

"ஐயா... இருக்கீங்களா?"

உள்ளேயிருந்து பதில் வரவில்லை. பெரியப்பா கதவில் காதை வைத்தார். பிறகு கதவு திறந்தது. தாத்தா பனியனோடு நின்றார்.

"இன்னா முசியே, வாரா வாரம் வந்து எட்டிப் பாக்கற? நான் செத்தா சொல்லி அனுப்ப மாட்டாங்களா?"

"சும்மா இந்தப் பக்கம் வந்தேங்கையா."

"சும்மா வந்தவன் மூஞ்சி இப்பிடியா வெளுக்கும்? பாப்பா, இவன கூட்டிகினு போ. இவனப் பாத்தாதான் எனக்கு நெஞ்ச அடைக்குது."

தெருவுக்கு வந்ததும் பெரியப்பா ஸ்கூட்டரில் சாவியைப் போட்டார். "இருக்காரு" என்றார், யாருக்கோ தகவல் சொல்கிற மாதிரி.

எனக்கு விஷயம் பிடிபட்டது எங்கள் கடை ட்யூப்லைட்டால். அது அணைந்து எரிந்தது, கரண்ட் போய் வந்திருக்கிறது. அடுத்த நிமிடம் பூட்டிய ஷட்டருக்குப் பின்னால் "பீப்" என்றது பெரியப்பாவின் மெஷின்.

பட்டனை அமுக்கினால் விண்டோஸ் வருகிறது என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். வீராம்பட்டினத்துத் தேரைக் கவர்னர் இழுத்தார் என்று பேப்பரில் போடுவதைப் போன்றது அது. கவர்னர் வந்து வடத்தைத் தொடுவதற்கு முன்பே ஓர் ஆள் தேரைச் சுற்றி வந்திருப்பான். சக்கரத்தைத் தட்டிப் பார்த்து, அச்சாணியை அசைத்துப் பார்த்து, முட்டுக்கட்டை போடுகிறவர்கள் இடத்தில் இருக்கிறார்களா என்று ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் பார்த்திருப்பான். மதர்போர்டில் ஒரு சின்னச் சிப்புக்குள் குடியிருக்கும் பயாஸ் அந்த ஆள். உயிர் வந்த முதல் நொடியில் மெஷினுக்குத் தான் ஒரு மெஷின் என்பதே தெரியாது. திரை இருப்பது தெரியாது, மெமரி இருப்பது தெரியாது. பயாஸ்தான் இருட்டில் ஒவ்வொன்றாகத் தொட்டு, "இருக்கியா?" என்று கேட்கும். ப்ராசசர், மெமரி, திரை, கீபோர்டு. எல்லாம் இருக்கிறேன் என்றால் ஒரே ஒரு பீப். மெமரி பதில் சொல்லாவிட்டால், அதை எழுதிக் காட்டத் திரை இன்னும் எழுந்திருக்காது. அதனால் விடாமல் பீப் பீப் என்று கூவும். எல்லாம் சரியென்றால் ஹார்டு டிஸ்க்கைத் தேடிப் பிடித்து, விண்டோஸை எழுப்பி வடத்தைக் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும்.

கரண்ட் போய்த் திரும்பி வந்தால் தூங்குவதா எழுவதா என்பதற்கும் பயாஸுக்குள் ஒரு விதி எழுதிவைக்கலாம். பெரியப்பாவின் மெஷின், மூடிப்போன ஒரு பிரவுசிங் சென்டரிலிருந்து வந்தது. ஒவ்வொரு மெஷினாகப் போய் அமுக்கச் சோம்பல்பட்டு, அந்த ஓனர் 'எழு' என்று வைத்திருக்கிறான். இத்தனை நாளும் யூபிஎஸ் இருந்ததால் கரண்ட் போவதே மெஷினுக்குத் தெரியாமல் இருந்தது. சமீபத்தில் யூபிஎஸ் செத்தது. அதற்கு யாரும் ஃப்ளெக்ஸ் வைக்கவில்லை.

இதையெல்லாம் பெரியப்பாவிடம் சொன்னேன். வாயால் சொன்னதோடு விட்டிருக்கலாம். அவர் கண் முன்னாலேயே மெயினை அணைத்து, கொஞ்சம் பொறுத்துப் போட்டேன். பீப். காற்றாடி சுற்றியது. முகங்கள் வந்தன.

"பாத்தீங்களா? பேயும் இல்ல, பிசாசும் இல்ல. கரண்டு, பயாஸு. அவ்ளோதான்."

பெரியப்பா திரையைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

"அறிவு கெட்டவளே. இப்ப வேணும்னே எழுப்பி உட்டுட்டியே. யாரு போப்போறாங்களோ!"

சாயங்காலம் ஓர் அஞ்சலி ஆர்டர் வந்தது. அவர் கடைக்கு அஞ்சலி ஆர்டர் வராமல் புரோட்டா ஆர்டரா வரும்? ஆனால் அவர் என் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். அன்று என் பேயியல் பாடம் முடிந்தது.

இது வெறும் வேடிக்கையாகவே போயிருக்கும், ஜெயம் அத்தைக்கு மூச்சு வாங்க ஆரம்பிக்காமல் இருந்திருந்தால். இதயத்தில் ஒரு வால்வு கெட்டுவிட்டது, மாற்றியாக வேண்டும் என்று பெரிய ஆஸ்பத்திரியில் சொல்லித் தேதி கொடுத்தார்கள். சொந்தக்காரர் ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். அத்தைக்குத் தம்பியை விட்டால் ஆளில்லை. தேதி கிடைத்த அன்று மத்தியானம் கடையைத் திறந்தால், மெஷின் எழுந்திருந்தது. முதல் வரிசையில் மயில் கழுத்துப் புடவை.

பெரியப்பா கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். அடுத்த மாதம் பார்க்கலாம் என்றார். அடுத்த மாதம் வரைக்கும் தாங்காது என்று டாக்டர் சொன்னதை அத்தையே என்னிடம் சொன்னாள். அவர்கள் வீட்டுக் கட்டிலில், இரண்டு தலையணைக்கு மேல் சாய்ந்திருந்தாள். ஒரு வாக்கியத்தை மூன்று மூச்சில் பேசினாள்.

"அவன்... மெஷினுக்கு பயப்படறான்டி. அக்காவுக்கு... பயந்த காலம்... பூடுச்சி."

பெரியப்பா சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

"பாக்கியலட்சுமிக்கும் நான்தான் போட்டேன் கையெழுத்து" என்றார்.

பாக்கியலட்சுமி அவர் மனைவி. ஆபரேஷனுக்கு உள்ளே போனவள் வெளியே வரவில்லை. அவள் படத்துக்குத்தான் அவர் முதன்முதலில் கண்ணில் பொட்டு வைத்தார் என்பதை அதுவரை நான் கேள்விப்பட்டதில்லை.

"திரும்பவும் போட்டா, எங்கக்காவுக்கு நானே ஃப்ளெக்ஸ் ஆர்டர் குடுத்த மாரி குழலி."

 தண்ணீர் குடிக்கப் போவதுபோல் எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

மறுநாள் அத்தைக்கு மூச்சு மோசமாகி, பெரியப்பா கடையை என்னிடம் விட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினார். "யாராச்சும் வந்தா போட்டோ வாங்கி வை" என்றார். யாரும் வரவில்லை. நானும் முகங்களும்தான்.

உண்மையைச் சொல்லி அவரைத் திருப்ப முடியாது என்று பார்த்தாயிற்று. பேயை நம்புகிறவரிடம் பேயைத்தான் தூது அனுப்ப வேண்டும். பயாஸ் எல்லோரையும் கூப்பிட்டுப் பார்க்கும் அந்தச் சில நொடிகளில் மதர்போர்டு செய்த கம்பெனியின் படம் ஒன்று திரையில் வரும். அந்த இடத்தில் வேறு படத்தை வைக்க முடியும். விண்டோஸ் கண் விழிப்பதற்கு முன்பே வருகிற படம். அதற்குமேல் நம்பகமான பேய் கிடைக்காது. அம்மாவாசையின் அஞ்சலிப் படத்தை எடுத்தேன். கீழே எழுதினேன்: 'தணிகாசலம், இங்கே இடமில்லை. அக்காவை அனுப்பாதே. கையெழுத்துப் போடு.'

ஒரு சிக்கல் உண்டு. அந்தப் படத்தை உள்ளே வைக்கப் பயாஸையே புதிதாக எழுத வேண்டும். எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால், முதலில் கண் விழிக்கிற ஆளே செத்துப்போவான். அப்புறம் அந்த போர்டுக்குள் ஒருவரை ஒருவர் இருக்கியா என்று கேட்க நாதியிருக்காது. மாமா கடை யூபிஎஸ்ஸைத் தூக்கிவந்து மாட்டிவிட்டு ஆரம்பித்தேன். திரையில் பச்சைக்கோடு பாதி தாண்டியபோது கரண்ட் போயேவிட்டது. மின்விசிறி நின்றது, தெருவில் மாவு மில்லின் சத்தம் அறுந்தது. யூபிஎஸ் மட்டும் குழந்தை மாதிரி அழுதுகொண்டே மெஷினைத் தூக்கிப் பிடித்தது. நான் ஒரு விரலால் அதன் தலையைத் தடவிக்கொண்டிருந்தேன், அதனால் என்ன ஆகப்போகிறது என்று தெரிந்தும்.

கோடு முடிந்தது. மெஷின் அணைந்தது. எழவில்லை.

கறுப்புத் திரையில் என் முகம் மட்டும் தெரிந்தது.  "இருக்கியா?" என்று நானே கேட்டுவிட்டேன், சத்தமாக. பிறகு பீப். இருட்டிலிருந்து அம்மாவாசை எழுந்து வந்து கண்ணில் பொட்டோடு என்னைப் பார்த்துச் சிரித்தார். செய்தவள் நான். ஆனாலும் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தேன்.

கரண்டுக்கான விதியையும் 'தூங்கு' என்று மாற்றிவிட்டு, ஃபோல்டரில் இன்னொரு சின்ன வேலையையும் முடித்துவிட்டு, யூபிஎஸ்ஸை எடுத்துக்கொண்டு, ஷட்டரை இறக்கினேன்.

காலையில் பெரியப்பா வந்து பட்டனை அமுக்கினார். சாவி என்னிடம் இருந்ததால் முன்பே கடையைத் திறந்துவைத்து, நான் மூலையில் ஃப்ளெக்ஸ் சுருள்களுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். அம்மாவாசை வந்தார், போனார். பெரியப்பா மெஷினை அணைத்துத் திரும்பவும் போட்டார். திரும்பவும் பார்த்தார், வாசலில் தலையை நீட்டி எங்கள் கடைப் பக்கம் எட்டிப் பார்த்தார். அப்புறம் நாற்காலியில் உட்கார்ந்து எதையோ வெகுநேரம் கிளிக் பண்ணிக்கொண்டிருந்தார். முதுகு மறைத்ததால் என்னவென்று தெரியவில்லை.  பிறகு எழுந்து, ஷட்டரைக்கூட இறக்காமல் ஸ்கூட்டரைக் கிளப்பினார்.

அன்றே கையெழுத்தாகிவிட்டது. கொடுத்த தேதியில் அத்தையை உள்ளே கொண்டுபோனார்கள்.

ஆபரேஷன் முடிந்து, அத்தை கண் திறந்துவிட்டாள் என்று போன் வந்ததும், இட்லி எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். வராந்தா பெஞ்சில் பெரியப்பா உட்கார்ந்திருந்தார். தாடி வளர்ந்திருந்தது.

"எப்பிடி இருக்காங்க அத்த?"

"வாயத் தொறந்துட்டா. நர்ஸம்மாகிட்ட, தோச இப்பிடியா ஊத்துவாங்கன்னு கேக்கறா." பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டார். "ஒக்காரு."

உட்கார்ந்தேன்.

"அம்மாவாச வந்தான்டி, மெஷின்ல."

"ஐயோ! இன்னா பெரிப்பா சொல்றீங்க?" கண்ணை எவ்வளவு விரிக்க முடியுமோ அவ்வளவு விரித்தேன்.

"நடிக்காத. அவன் மூஞ்சிக்கு மூக்கு, காதெல்லாம் நான் பாத்துப் பாத்து வச்சது. பரங்கிக்கா மாரி அகலமாக்கி வச்சிருக்க. படத்தப் பெருசாக்க மூலையப் புடிச்சி இழுக்கணும்டி, பக்கத்தப் புடிச்சி இழுக்கக் கூடாது. செத்தவன் ஆவியா வந்தா குண்டாயிட்டா வருவான்?"

எனக்குச் சிரிப்பும் வெட்கமும் சேர்ந்து வந்தன. "அப்ப பாத்தவொடனே தெரிஞ்சிச்சா? தெரிஞ்சுதான் கையெழுத்து போட்டீங்களா?"

"அவன் சொன்னதுக்கா போட்டேன்? நல்லா திட்டணும்னுதான் ஒன்னத் தேடுனேன். அதுக்குள்ள ஃபோல்டர் தொறந்துச்சி. எல்லாரும் இருந்தாங்க. எங்கக்கா இல்ல."

நான் டிபன் டப்பாவின் மூடியைத் திறந்து மூடினேன்.

"மேல, கீழ, எல்லா எடத்துலயும் தேடுனேன். கடசீல பாத்தா, கல்யாண ஃபோல்டர்ல, மாலையும் கழுத்துமா நிக்கற ஜோடிங்களுக்கு நடுவுல ஒண்டியா சிரிச்சிகினு இருக்கா. அதப் பாத்தப்பறந்தான் எனக்கு கையெழுத்து போட கை வந்துச்சி."

"இட்லி ஆறிடும் பெரிப்பா."

"இருக்கட்டும். பேயும் இல்ல, பிசாசும் இல்ல, கரண்டு, பயாஸுன்னு எனக்குப் பாடம் நடத்துனது யாரு?"

"நான்தான்."

"அப்ப எங்கக்காவ மட்டும் எதுக்குடி அங்கேர்ந்து எடுத்த?"